வளைவில் கொட்டிய தண்ணீர்

எங்கள் கம்பெனி தண்ணீர் லாரி டிரைவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். விசாவை முடித்துக்கொண்டு நான் கமுதிப் பக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் என்னை அதிலிருந்து தள்ளவில்லை. மூன்று மாதம் முன்னால் அதில் ஒரு போட்டோ வந்தது. மலைமேல் ஒரு புதுக் குழாய், பக்கத்தில் எங்கள் லாரி. "மலை ரூட் கலாஸ். பைப் லைன் வந்தாச்சு. இன்னைக்குத்தான் கடைசி டிரிப்" என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே ஒருத்தன், "முத்துராக்கு அண்ணே, அந்த ரூட்டுல ரொம்ப வருஷம் ஓட்டுனது நீங்கதான். அனுபவத்தை எழுதுங்களேன்" என்று ஏற்றிவிட்டிருந்தான்.

எழுத உட்கார்ந்தால் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறேன். இருபத்திரண்டு வருஷ ஓட்டத்தில் எத்தனையோ பார்த்தாயிற்று. பிரேக் பிடிக்காமல் இறங்கியிருக்கிறேன், டயர் வெடித்திருக்கிறது. அதெல்லாம் எனக்குத் தெளிவாக விளங்குகிறது. விளங்காதது ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒரு மரத்தடி சமாச்சாரம். படிக்கிறவர்கள் யாருக்காவது புரிந்தால் எனக்குச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

லைசென்ஸ் கதையெல்லாம் பெரிசாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹெல்பராகப் போனேன். மூன்று தடவை டெஸ்டில் ஃபெயில், நாலாவது தடவை அந்த ஆபீசருக்கே என் முகம் சலித்துப்போய்ப் பாஸ் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் சிமென்ட் ஃபேக்டரிக்குப் பின்னால் கேம்ப். ரூமுக்கு ஆறு பேர். விடிந்தால் டியூட்டி.

எங்கள் சூப்பர்வைசர் காதர் பாய். கீழக்கரைக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எல்லோரையும் "வாப்பா" என்றுதான் கூப்பிடுவார். திட்டுவதென்றாலும் அதே வாப்பாதான், கொஞ்சம் இழுத்துச் சொல்வார், அவ்வளவுதான். லாரி நிறைந்து கிளம்பும்போது டேங்கைச் சுற்றி ஒரு நடை நடப்பார். உள்ளங்கையை வைத்து அடியிலிருந்து மேலே தடவிக்கொண்டே போவார். தண்ணீர் இருக்கிற வரைக்கும் தகடு குளிர்ச்சியாக இருக்கும், அதற்குமேல் வெயிலில் சுடும். கை எங்கே வெடுக்கென்று விலகுகிறதோ அதுவரைதான் தண்ணீர். மீட்டரெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். "நிறைச்சா கழுத்து வரைக்கும் நிறை வாப்பா. இல்லாட்டி காலியாப் போ. நடுவுல மட்டும் வேண்டாம்." பாதி டேங்க் தண்ணீர் வளைவில் ஒரு பக்கமாக ஓடிப்போய் மோதும். லாரி நாம் திருப்புகிற பக்கம் போகாது, தண்ணீர் தள்ளுகிற பக்கம் போகும். மலை ரோட்டில் அப்படிப் போனால் கீழே பள்ளத்தாக்குதான்.

அந்த ஊர்ப்பக்கத்தை எனக்குப் புரியவைத்தவரும் அவர்தான். அங்கே ஆற்றுக்குப் பெயர் வாதி. எங்கள் குண்டாறு மாதிரியேதான், பெயர்தான் ஆறு, உள்ளே பூராவும் கல். வருஷத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ தண்ணீர் வரும். வந்தால் லாரியையே உருட்டிக்கொண்டு போகும். புதிதில் ஒருநாள் நான் வாதிக்குள் லாரியை நிறுத்திச் சோறு தின்றுகொண்டிருந்தேன். காதர் பாய் பார்த்துவிட்டார். "சுத்திப் பாரு வாப்பா, இதுக்குள்ள ஒரு வீடு இருக்கா? ஆயிரம் வருஷமா இருக்குறவன் எதுக்கு மேட்டுல கட்டியிருக்கான்?"

அப்புறம் கை நீட்டிக் காட்டினார். மலையில் பெய்கிற மழை கல்லுக்கடியில் இறங்கி, வாதி சமவெளியைத் தொடுகிற இடத்தில்தான் மேலே வருமாம். அதனால்தான் பேரீச்சந்தோப்பெல்லாம் அங்கே, தோப்பை ஒட்டி ஊர், வெள்ளத்துக்குப் பயந்து வீடு மட்டும் மேட்டில். மலைமேல் இருக்கிறவன் பாறையைக் குடைந்து மழைத்தொட்டி கட்டியிருப்பான். தொட்டி எவ்வளவு பிடிக்குமோ அத்தனை குடும்பம்தான் அங்கே. ஊற்று செத்துப்போன ஊரையும் காட்டினார். சுவர் மட்டும் நின்றது.

நான் போன காலத்தில் கீழே கிணறெல்லாம் உப்பாகிக்கொண்டு வந்தது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் பிளான்ட் வந்துவிட்டது. மேலேயிருந்து கீழே வந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது கீழேயிருந்து மேலே போக வேண்டியதாயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு போனது நாங்கள்.

இனி என் வண்டவாளத்துக்கு வருகிறேன். எனக்குக் கொடுத்த லாரி ஒரு கிழட்டு வண்டி. மலை ரூட்டில் பெரிய ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு வளைவு. அங்கே ஒற்றையாக ஒரு மரம், ஸமர் என்பார்கள், நம் கருவேலம் மாதிரி இருக்கும். கண்ணுக்கு எட்டின தூரம் வேறு நிழல் கிடையாது. மூன்றாவது வருஷமோ என்னவோ, அந்த ஏற்றத்தில் வண்டி முக்கிமுக்கிப் பின்னால் உருள ஆரம்பித்தது. உயிரே போய்விட்டது எனக்கு. மெதுவாக மரத்தடிக்கு இறக்கிக்கொண்டு வந்து, பின்னால் இருக்கிற வால்வைத் திறந்துவிட்டேன். ஒரு பத்து நிமிஷம் கொட்டியது. பாரம் குறைந்ததும் வண்டி ஏறிவிட்டது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஃபில்லிங் பாயின்ட்டிலேயே குறைத்துப் பிடிக்கலாம் என்றால் காதர் பாயின் உள்ளங்கை இருக்கிறது. வண்டி ஏறவில்லை என்று சொல்லலாம்தான். "அப்ப உனக்கு வேற ரூட்டு வாப்பா" என்றுவிட்டால்? மலை ரூட்டில் ஓவர்டைம் உண்டு. ஆகக் கழுத்துவரை நிறைத்துக்கொண்டு கிளம்புவேன், மரத்தடியில் கொஞ்சம் கொட்டுவேன், முகம் கழுவிக்கொள்வேன், சாமி பேரைச் சொல்லிக்கொண்டு வளைவுகளில் ஊர்ந்து போவேன். அவர் வேண்டாமென்ற அந்த நடுவில்தான் தினமும் ஓட்டினேன். மேலே மழைத்தொட்டியில் ஊற்றும்போது, இன்றைக்குக் குறைச்சலாக இருக்கே என்று யாராவது முனகினால் காது கேட்காதவன் மாதிரி ஹோஸைச் சுருட்டுவேன். செய்தது தப்பு, இப்போது சொல்லிவிட்டேன்.

ஒருநாள் அந்த ஈரத்தில் நாலு வெள்ளாடு நின்றது. பின்னாலேயே ஆள் வந்தார். சாலிம் என்று பெயர், மலைக்காரர், என் வயசுதான் இருக்கும். பாதி அரபி, பாதி இந்தி கலந்து பேசுவார். அவர் சொன்னதையெல்லாம் நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

"நாளைக்கும் வருவாயா?" என்றார்.

"தினமும் வருவேன்."

"ஆடுகள் இங்கே குடிக்கலாமா?"

நல்ல கேள்விதான் போ என்று நினைத்துக்கொண்டேன். கீழே ஓடிப்போன தண்ணீர், யார் குடித்தால் எனக்கென்ன? "தாராளமா" என்றேன்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எதைச் செய்தாலும் அவர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்தார். "முத்து, இங்கே ஒரு குழி வெட்டி சிமென்ட் பூசட்டுமா?" பூசுங்க. "முத்து, ஒரு கொட்டகை போடட்டுமா?" போடுங்க. "என் தம்பி குடும்பத்தோடு மேலேயிருந்து இறங்கி வரேன் என்கிறான், வரச் சொல்லட்டுமா?" அட, வரட்டும்யா, எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க! மரியாதை தெரிந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். நாலு பேரீச்சங்கன்று நட்டார், அதற்கும் கேட்டார். அவை காய்த்ததும் வருஷாவருஷம் முதல் குலையை அறுத்து, சொந்தப் பிள்ளைகள் வாயில் ஒரு பழம் படுவதற்கு முன்னால், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் சீட்டில் வைப்பார். ரூமில் ஆறு பேரும் தின்போம். தண்ணீர் கொட்டுவதை நிறுத்திவிடாமல் இருக்க ஐஸ் வைக்கிறார் என்று என் புத்திக்குத் தோன்றியது.

நாலு வருஷம் போய்க் கம்பெனி புது லாரி கொடுத்தது. கழுத்துவரை பாரத்தோடு அந்த ஏற்றத்தைச் சிரித்துக்கொண்டே ஏறும். இனிக் கொட்டவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் வளைவில் ஆடுகள் ரோட்டோரம் வரிசையாக நிற்கின்றன, பெண்கள் கேனோடு நிற்கிறார்கள். எப்படித் தாண்டிப் போவது? நிறுத்தினேன், வால்வைத் திறந்தேன். முதலில் வண்டிக்காகச் செய்த திருட்டு, பிறகு இவர்களுக்காகச் செய்த திருட்டு. எது பெரிய திருட்டு என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

இதைத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகியிருக்கும். ஒருநாள் காதர் பாய் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மலை ரூட்டைப் பார்க்க வேண்டுமாம். வளைவு வந்தது. ஒன்றுமே தெரியாதவன் மாதிரி நேராக ஓட்டினேன். ஆடுகள் சும்மா இருக்குமா? மொத்தக் கூட்டமும் கத்திக்கொண்டு லாரி பின்னாலேயே ஓடி வந்தது. பக்கத்துக் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, "நிறுத்து வாப்பா" என்றார்.

இறங்கினார். கொட்டகையைப் பார்த்தார், சிமென்ட் குழியைப் பார்த்தார், பேரீச்ச மரங்களைப் பார்த்தார். திரும்பி வந்து டேங்கில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு பாய்."

"இங்க எதுக்கு முதமுதல்ல நிறுத்துன?"

"நிழலுக்குத்தான் பாய். வேற மரமே இல்லையே."

அவர் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தார். "அதான் கேக்குறேன் வாப்பா. வேற எங்கயும் மரம் இல்ல. இங்க மட்டும் எப்படி நிக்கிது?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியில் ஏறி, டியூட்டி ஷீட்டை எடுத்து, அந்த வளைவையும் ஒரு டெலிவரி பாயின்ட்டாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த வருஷம் அவர் ஊருக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. நான் கொட்டியதால் மரம் பிழைத்ததா? மரம் இருந்ததால் நான் நிறுத்தினேனா? நான் வரும் முன்னால் அது யார் தண்ணீரைக் குடித்தது?

நான் ஊருக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் பெரிய சிக்கல் வந்தது. மலை ரோட்டை அகலப்படுத்தி, கூடவே பைப் லைன் போடப் போகிறார்கள் என்றார்கள். அதற்கு முன்னால் சர்வே. எந்த இடத்துக்குச் சொந்தமாக நீர் இருக்கிறதோ அது ஊர் என்று கணக்கு, அப்படியே விட்டு லைன் கொடுப்பார்கள். இல்லையென்றால் அது வெறும் ஆட்டுக்கொட்டகை. அங்கே இருக்கிறவர்களுக்குக் கீழே டவுனில் ஃப்ளாட். ஃப்ளாட்டில் ஆடு வளர்க்க முடியுமா? சாலிமுக்கு அந்த வளைவை விட்டால் வேறு பிழைப்புக் கிடையாது. அதற்குள் அங்கே ஐந்து வீடு ஆகிவிட்டது. மெலிந்து கறுத்துப்போனார் மனுஷன்.

சர்வேக்கு வந்தது நஸ்ரின் என்று ஒரு பெண். தமிழ்ப் பெண்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேயே. தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பாள். அரபியும் தண்ணீர் பட்ட பாடு.

"அங்கிள், ஃபார்ம்ல ஒரு பாக்ஸ் இருக்கு. வாட்டர் சோர்ஸ். கிணறு, ஊற்று, வாய்க்கால், மழைத்தொட்டி. இங்க இதுல எது? நீங்கதான் லாங்கஸ்ட்டா ஓட்டுறீங்களாம், நீங்க சொல்லுங்க."

சாலிம் சற்றுத் தள்ளி நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊற்று என்று சொன்னால் பொய். லாரி என்று சொன்னால் ஐந்து குடும்பம் கிளம்ப வேண்டியதுதான். "எனக்குச் சரியாத் தெரியலைம்மா" என்றேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

அந்தப் பெண் நல்ல பெண். யோசித்துவிட்டு, "ஒரு மந்த் இங்க யாரும் தண்ணி விடாதீங்க. மரத்தடியில ஒரு குழி தோண்டிப் பார்ப்போம்" என்றாள். ஒரு மாதம் நான் அந்த வளைவை நிறுத்தாமல் தாண்டினேன். சாலிமின் பையன்கள் பிக்கப்பில் கீழே போய்க் கேனில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆடுகள் என் லாரியைப் பார்த்துக் கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. நல்ல கோடைக்காலம் வேறு. பேரீச்ச ஓலையெல்லாம் நுனி கருகியது. ஸமர் மட்டும் பச்சையாகவே நின்றது.

மாதம் முடிந்து நஸ்ரின் வந்தாள். ஆள் உயரத்துக்குமேல் தோண்டியிருந்த குழியில் எட்டிப் பார்த்தோம். அடியில் ஒரு சாண் தண்ணீர்! சாலிம் "அல்ஹம்துலில்லாஹ்" என்று உட்கார்ந்தே விட்டார். நானும் அழுதுவிட்டேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. நஸ்ரின் மட்டும் சிரிக்கவில்லை. பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்துக் குழித் தண்ணீரில் விட்டாள். என் லாரித் தண்ணீரில் விட்டாள். வாதிப் பக்கத்துப் பழைய கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள், அதிலும் விட்டாள்.

"அங்கிள், உங்க தண்ணி பிளான்ட் தண்ணி, உப்பே இல்ல. மலைத் தண்ணி கல்லுக்குள்ள ஊறி வர்றதால நல்லா உப்பு. குழித் தண்ணி ரெண்டுக்கும் சரியா நடுவுல இருக்கு. மிக்ஸ் ஆயிருக்கு. இதுல எது உங்களுது, எது மலையோடதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஐ ஆம் கன்ஃப்யூஸ்ட், அங்கிள்."

நீயுமா தாயே என்று நினைத்தேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. லாரி ஏறாததால்தான் கொட்டினேன், தர்மத்துக்குக் கொட்டவில்லை, பதினெட்டு வருஷமாக இவர்களை ஏமாற்றிவிட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். நஸ்ரின் அதை அரபியில் சாலிமிடம் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று பார்த்தால், அந்த வாடின முகத்தில் ஒரு சிரிப்பு.

"எனக்கு முதல் நாளே தெரியும். உன் இன்ஜின் சத்தம் மேலே மலை வரைக்கும் கேட்குமே. மேகமும் மலை ஏற முடியாமல்தான் இங்கே கொட்டிவிட்டுப் போகிறது. அதை யாராவது கோபித்துக்கொள்கிறார்களா?"

பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அரபியில் நீளமாகப் பேசினார். கேட்கக் கேட்க நஸ்ரினின் புருவம் மேலே போயிற்று.

"அங்கிள், அவர் என்ன சொல்றார்னா... இங்க ஒரு பழைய வழக்கம் இருக்காம். செத்துக் கிடக்குற நிலத்துல யார் முதல்ல தண்ணி கொண்டுவந்து உயிர் கொடுக்கிறாங்களோ, அவங்களுக்குத்தான் அந்த இடம். அதனால இது உங்க இடமாம். இத்தனை வருஷமா உங்ககிட்ட பெர்மிஷன் கேட்டுத்தான் இங்க இருக்காராம். முதல் குலை உங்க பங்காம். இப்ப ஃபார்ம்ல அவர் பேரை எழுதணும். நீங்க வாயால கொடுத்தாத்தான் அவர் எழுதச் சொல்லுவாராம்."

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விசா புதுப்பிக்கிற ஆள் நான். ரூமில் என் இடம் ஒரு கட்டிலின் மேல்தட்டு. அந்த வளைவில் ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்லை. எனக்கு அங்கே நிலமா? "மேடம், வேண்டாம்னு சொல்லுங்க, நான் யாரு கொடுக்கிறதுக்கு?" என்றேன். சாலிம் கையை விடவில்லை. அவர் பையன்கள், தம்பி, தம்பி பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்கள். விளையாட்டில்லை என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

"கொடுத்துட்டேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். "கொடுத்துட்டேன்! சாலிமுக்கே கொடுத்துட்டேன்!"

நஸ்ரின் ஃபார்மில் நீர் உண்டு, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்று எழுதினாள். அதுவே போதுமானதாக இருந்தது. ஊர் நின்றது, இப்போது லைனும் வந்துவிட்டது. நான் ஊருக்கு வந்து வீட்டில் இதைச் சொன்னதும் என் சம்சாரம், "அரபு நாட்டுல இவருக்கு நிலம் இருந்துச்சாம், அதையும் தானம் பண்ணிட்டு வந்து நிக்கிறாரு" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். நிலம் கைமாறிவிட்டதால் போன வருஷம் பேரீச்சங்குலை எதையும் நான் எதிர்பார்க்கவில்லை, வரவும் இல்லை. முறைதானே.

நேற்று லீவில் வந்த டிரைவர் ஒருவன் ஒரு பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தான். பிரித்தால் பேரீச்சங்குலை. ஆனால் பாதிதான் இருந்தது. காம்பை நடுவில் பிளந்து, பாதிச் சரங்களை மட்டும் அனுப்பியிருக்கிறார். வழியில் எவனோ தின்றுவிட்டான் என்று நான் அந்தப் பையனை முறைத்தேன். அவன், "இல்லண்ணே, சாலிம் பேசி அனுப்பிருக்கார், கேளுங்க" என்று போனை நீட்டினான்.

"முத்து, லைன் வந்த பிறகு இங்கே யாரும் தண்ணீர் கொட்டவில்லை. மூன்று மாதமாகிறது, குழியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அந்தப் பெண்ணின் மீட்டரும் அதையேதான் சொல்கிறது, பாதி மலை, பாதி நீ. நிலத்தை நீ கொடுத்துவிட்டாய், சரி. தண்ணீரில் உன் பங்கை நீ எனக்குக் கொடுக்கவில்லையே. அதனால் பாதி உனக்கு."